2010 உலகக்கோப்பைக் கால்பந்தும் தென்னாப்பிரிக்காவின் குற்ற விவாதமும்

2010 உலகக்கோப்பைக் கால்பந்துப் போட்டியை நடத்தும் உரிமை தென்னாப்பிரிக்காவுக்கு 2004 மே 15 அன்று வழங்கப்பட்டது. போட்டி முடிந்த 2010 ஜூலை 11 வரையிலான ஆறு ஆண்டுகளில், அந்நாட்டின் குற்ற நிலை குறித்து உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் நீண்ட விவாதம் நடந்தது. ஆண்டுக்குப் பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட கொலைகள் நிகழும் நாட்டுக்கு இலட்சக்கணக்கான பார்வையாளர்களை அழைக்கலாமா என்பது வெளிநாட்டவரின் கேள்வி. ஒரு மாத விழாவுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு அங்கேயே வாழும் மக்களுக்கு ஏன் கிடைப்பதில்லை என்பது உள்நாட்டவரின் கேள்வி. முதல் கேள்விக்குப் போட்டி நடந்த ஒரு மாதத்திலேயே விடை கிடைத்தது. இரண்டாவது கேள்வி இன்றும் தொடர்கிறது.

பின்னணி

தென்னாப்பிரிக்கா 2006 உலகக்கோப்பைக்கும் போட்டியிட்டது. 2000 ஜூலையில் நடந்த வாக்கெடுப்பில் 12க்கு 11 என்ற கணக்கில் ஜெர்மனியிடம் அவ்வாய்ப்பை இழந்தது. 2010 போட்டியை ஆப்பிரிக்க நாட்டுக்கே வழங்குவது என முடிவான பின், மொரோக்கோவை 14க்கு 10 என்ற கணக்கில் வென்று உரிமையைப் பெற்றது.

பெரிய போட்டிகளை நடத்துவது அந்நாட்டுக்குப் புதியதன்று. 1995இல் ரக்பி உலகக்கோப்பை, 1996இல் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பைக் கால்பந்து, 2003இல் கிரிக்கெட் உலகக்கோப்பை ஆகியவை அங்கே நடந்திருந்தன. எனினும் கால்பந்து உலகக்கோப்பை அளவில் மிகப் பெரியது: 32 அணிகள், 64 ஆட்டங்கள், 9 நகரங்களில் 10 அரங்குகள். உரிமை கிடைத்தது முதலே பாதுகாப்பைக் காரணம் காட்டிப் போட்டியை வேறு நாட்டுக்கு மாற்றலாம் என்ற பேச்சு அவ்வப்போது எழுந்தது. ஜெர்மனி, ஆஸ்திரேலியா, அமெரிக்கா ஆகியவற்றின் பெயர்கள் அடிபட்டன. இயற்கைப் பேரிடர் போன்ற காரணம் இருந்தாலன்றி மாற்றம் இல்லை என்பது ஃபிஃபாவின் நிலைப்பாடு.

குற்றப் புள்ளிவிவரங்கள்

தென்னாப்பிரிக்கக் காவல் சேவை ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான ஆண்டுக் கணக்கில் குற்றப் புள்ளிவிவரங்களைத் தொகுக்கிறது. உலகக்கோப்பையை ஒட்டிய ஆண்டுகளின் கொலை எண்ணிக்கை வருமாறு:

2006–07: 19,202
2007–08: 18,487
2008–09: 18,148
2009–10: 16,834
2010–11: 15,940

விவாதத்தின் இரு தரப்பினரும் இதே எண்களைத்தான் எடுத்துக் காட்டினர். இனவொதுக்கல் ஆட்சி முடிந்ததற்கு அடுத்த ஆண்டுகளில், அதாவது 1990களின் நடுவில், கொலை வீதம் ஒரு இலட்சம் மக்களுக்கு 65க்கும் மேல் இருந்தது. 2009–10இல் அது ஏறத்தாழ 34ஆகக் குறைந்தது. நிலைமை சீராகி வருகிறது என்பதற்கு அரசு இதைச் சான்றாகக் காட்டியது. குறைந்த பின்னும் அவ்வீதம் உலகச் சராசரியைப் போல் சுமார் ஐந்து மடங்கு என்பதையும், நாளொன்றுக்கு 45 முதல் 50 பேர் வரை கொல்லப்படுகின்றனர் என்பதையும் விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர்.

கொலைகள் குறைந்த அதே காலத்தில் வேறு சில குற்றங்கள் பெருகின. வீடு புகுந்து ஆயுதமுனையில் நடத்தப்படும் கொள்ளைகள் 2005–06இல் ஏறத்தாழ 10,000ஆக இருந்து 2008–09இல் 18,000க்கும் மேலாக உயர்ந்தன. கடைகளிலும் வணிக நிறுவனங்களிலும் நடந்த கொள்ளைகள் அதைவிட வேகமாகப் பெருகின. நடுத்தர வகுப்பினரையும் வசதி படைத்தோரையும் நேரடியாகத் தாக்குபவை இத்தகைய குற்றங்களே. குற்றம் குறைகிறது என்ற அரசின் கூற்றை இவர்களில் பலர் நம்ப மறுத்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

புள்ளிவிவரங்கள் வெளியிடப்பட்ட முறையும் ஐயத்தை வளர்த்தது. 2000இல் அரசு குற்றப் புள்ளிவிவர வெளியீட்டைச் சிறிது காலம் நிறுத்தி வைத்தது. பின்னர் மீண்டும் வெளியிட்டபோதும் ஆண்டுக்கு ஒருமுறை மட்டுமே வெளியிட்டது. தம் பகுதியில் சென்ற மாதம் என்ன நடந்தது என்பதைக் குடிமக்கள் அறிய முறையான வழி இல்லாதபோது, செய்தித்தாள் தலைப்புகளும் வாய்மொழிச் செய்திகளும் அந்த இடத்தை நிரப்பின.

பாதிக்கப்பட்டோர் யார்

குற்ற ஆபத்து நாடு முழுவதும் ஒரே அளவில் பரவியிருக்கவில்லை. கேப் டவுனை ஒட்டிய நியாங்கா, கயலிட்ஷா, டர்பனை ஒட்டிய உம்லாசி, குவாமாஷு, இனாண்டா போன்ற கறுப்பின மக்கள் வாழும் புறநகர்க் குடியிருப்புகளின் காவல் நிலையங்களிலேயே கொலை வழக்குகள் மிகுதியாகப் பதிவாயின. கொல்லப்பட்டோரில் பெரும்பாலோர் ஏழை இளைஞர்கள். வார இறுதியில், மது அருந்திய இடத்தில், தெரிந்தவர்களுக்கிடையே எழும் சச்சரவே பல கொலைகளுக்குக் காரணம் எனக் காவல்துறை தன் வழக்குக் கோப்புகளை ஆராய்ந்து கூறியது.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் பெறப்பட்டன. அரங்கு, விடுதி, விமான நிலையம் ஆகியவற்றுக்கிடையே பயணம் செய்யும் பார்வையாளருக்கு ஆபத்து குறைவு என்பது ஒன்று. இதை அமைப்பாளர்கள் வலியுறுத்தினர். நாட்டின் சராசரி எண்ணை வைத்துப் பார்வையாளரை அச்சுறுத்துவது தவறு என்றால், அதே சராசரியை வைத்துப் புறநகர்க் குடியிருப்புவாசிகளை ஆறுதல்படுத்துவதும் தவறு என்பது மற்றொன்று. இது அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. வசதியுள்ளோர் உயர்ந்த சுவர், மின்வேலி, தனியார் காவல் ஆகியவற்றால் தம்மைக் காத்துக்கொண்டனர். நாட்டில் தனியார் பாதுகாவலரின் எண்ணிக்கை காவல்துறையினரைப் போல் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. அந்தச் செலவைத் தாங்க முடியாதவர்கள் காவல் நிலையத்தை மட்டுமே நம்பியிருந்தனர்.

உள்நாட்டு விவாதம்

2006, 2007ஆம் ஆண்டுகளில் விவாதம் உச்சத்தை எட்டியது. குற்றத்தைப் பற்றி ஓயாமல் புலம்புவோர் நாட்டை விட்டு வெளியேறலாம் என்ற பொருளில் பாதுகாப்பு அமைச்சர் சார்லஸ் நக்குலா 2006இல் நாடாளுமன்றத்தில் பேசியது கடும் எதிர்ப்பைக் கிளப்பியது. குற்றம் கட்டுமீறிப் போய்விடவில்லை எனக் குடியரசுத் தலைவர் தாபோ இம்பெக்கி 2007 ஜனவரியில் ஒரு தொலைக்காட்சி நேர்காணலில் கூறினார். அதே மாதத்தில் ஆங்கிலேய–சூலு போர் வரலாற்றாளர் டேவிட் ராட்ரே தம் இல்லத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். அக்டோபரில் ரெகே பாடகர் லக்கி டூபே ஜோகன்னஸ்பர்க்கில் காரைப் பறிக்க முயன்றவர்களால் கொல்லப்பட்டார்.

விவாதத்தில் இன வரலாற்றின் நிழலும் படிந்திருந்தது. குற்றத்தைப் பற்றிய சில பேச்சுகள், கறுப்பின அரசால் நாட்டை ஆள முடியாது என்ற பழைய எண்ணத்தின் மறுவடிவம் என ஆளுங்கட்சியினர் பலர் கருதினர். குற்றத்தால் மிகுதியாக உயிரிழப்போர் கறுப்பின ஏழைகளே என்பதால், அதைப் பேசாமல் விடுவதே அவர்களுக்கு இழைக்கும் அநீதி என மறுதரப்பினர் பதிலளித்தனர். இரு கூற்றுகளிலும் உண்மை இருந்ததால் விவாதம் எளிதில் முடியவில்லை.

2008 மே மாதத்தில் ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா பகுதியில் தொடங்கிய, வெளிநாட்டவருக்கு எதிரான வன்முறையில் 62 பேர் கொல்லப்பட்டனர். ஜிம்பாப்வே, மொசாம்பிக் முதலிய நாடுகளிலிருந்து பிழைக்க வந்தவர்களே இதில் முதன்மையான இலக்கு. எனினும் இறந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் தென்னாப்பிரிக்கர்கள். உலகத்தை வரவேற்கத் தயாராகும் நாட்டில் அண்டை நாட்டவர் அடித்துத் துரத்தப்பட்டது அமைப்பாளர்களைக் கூச வைத்தது.

வெளிநாட்டுப் பார்வை

வெளிநாட்டு ஊடகங்கள் பெரும்பாலும் குற்றத்தையும் பயங்கரவாதத்தையும் பிரித்துப் பார்க்கவில்லை. ஆனால் இவை இரண்டும் வேறு வேறு. 2009 மார்ச்சில் லாகூரில் இலங்கைக் கிரிக்கெட் அணி தாக்கப்பட்டது. அவ்வாண்டு இந்தியாவில் பொதுத்தேர்தலுக்கும் ஐபிஎல் போட்டிக்கும் ஒரே நேரத்தில் பாதுகாப்பு அளிக்க இயலாத நிலையில், ஐபிஎல் தென்னாப்பிரிக்காவுக்கு மாற்றப்பட்டது. பாகிஸ்தானில் நடக்கவிருந்த சாம்பியன்ஸ் கோப்பையும் அங்கேயே நடந்தது. கொலை வீதம் மிகுந்த நாடு, பயங்கரவாத அச்சத்தால் இடம்பெயர்ந்த போட்டிகளுக்குப் புகலிடமாயிற்று.

2010 ஜனவரியில் அங்கோலாவின் கபிண்டா பகுதியில் டோகோ அணியின் பேருந்து சுடப்பட்டு இருவர் இறந்தபோது, ஆப்பிரிக்காவில் உலகக்கோப்பை பாதுகாப்பானதா என்ற கேள்வி மீண்டும் எழுந்தது. ஓரிடத்தில் நடந்ததைக் கொண்டு ஒரு கண்டத்தையே எடைபோடக் கூடாது எனத் தென்னாப்பிரிக்க அமைப்பாளர்கள் மறுத்தனர். ஏப்ரல் 3 அன்று வெள்ளையினத் தீவிரவாதத் தலைவர் யூஜின் டெர்பிளான்ச் கொல்லப்பட்டதும், இனக்கலவரம் மூளும் என்ற ஊகங்கள் வெளியாயின. அவ்வாறு ஏதும் நடக்கவில்லை.

பாதுகாப்பு ஏற்பாடுகள்

போட்டிக்கெனக் காவல்துறைக்கு ஏறத்தாழ 130 கோடி ராண்ட் ஒதுக்கப்பட்டது. அதில் பாதியளவு ஹெலிகாப்டர்கள், நீர்பீய்ச்சி வண்டிகள் போன்ற கருவிகளுக்கும், எஞ்சியது ஆட்களைப் பணியில் அமர்த்தவும் செலவிடப்பட்டது. சுமார் 41,000 காவலர்கள் போட்டிக்கெனப் பணியமர்த்தப்பட்டனர். 2001இல் எல்லிஸ் பார்க் அரங்க நெரிசலில் 43 பேர் இறந்த பின் விசாரணைக் குழு அளித்த பரிந்துரைகளின் தொடர்ச்சியாக, விளையாட்டு நிகழ்வுப் பாதுகாப்புச் சட்டம் 2010இல் நிறைவேறியது.

பரவலாகப் பேசப்பட்ட ஏற்பாடு, 56 சிறப்பு நீதிமன்றங்கள். வெளிநாட்டுச் சாட்சிகள் ஊர் திரும்புவதற்கு முன்பே வழக்கை முடிப்பது இவற்றின் நோக்கம். தொடக்க ஆட்டத்துக்கு முன் போர்ச்சுகீசிய, ஸ்பானியச் செய்தியாளர்களைத் துப்பாக்கி முனையில் கொள்ளையடித்த இருவருக்குச் சில நாட்களிலேயே 15 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. வழக்கு முடியப் பல மாதங்களும் ஆண்டுகளும் காத்திருக்கப் பழகிய உள்நாட்டு மக்கள், நீதித்துறையால் இவ்வளவு விரைவாக இயங்க முடியும் என்பதை அப்போது கண்டனர். நெதர்லாந்து ஆட்டத்தின்போது ஒரு பீர் நிறுவனத்துக்கு மறைமுக விளம்பரம் செய்ததாக, ஆரஞ்சு உடை அணிந்த இரு பெண்கள் இதே நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டது கண்டனத்துக்கு உள்ளானது. அவ்வழக்கு பின்னர் கைவிடப்பட்டது.

ஒழுங்குக்கு விலை கொடுத்தவர்களும் உண்டு. பல நகரங்களில் அரங்குகளைச் சுற்றித் தெரு வணிகர்கள் அகற்றப்பட்டனர். டர்பனின் வார்விக் சந்திப்பில், இந்திய வம்சாவளிக் காய்கறி விவசாயிகளால் 1910இல் உருவான காலைச் சந்தையை இடித்து வணிக வளாகம் கட்ட 2009இல் மாநகராட்சி திட்டமிட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்ற தமிழர் உள்ளிட்டோரின் வழிவந்தவர்களும் ஆப்பிரிக்க வணிகர்களும் இணைந்து போராடியதால் சந்தை தப்பியது.

போட்டிக் காலம்

அஞ்சியதைப் போன்ற பெரிய குற்றச் சம்பவம் எதுவும் போட்டிக் காலத்தில் நிகழவில்லை. ஏறத்தாழ 31.8 இலட்சம் பேர் அரங்குகளில் ஆட்டங்களைக் கண்டனர். உலகக்கோப்பைக்காகவே வந்த வெளிநாட்டினர் சுமார் 3.1 இலட்சம் பேர். சிறு திருட்டுகளும் சில கொள்ளைகளும் பதிவாயின. பெருஞ்சிக்கல் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது. பேசிய ஊதியம் தரப்படவில்லை என அரங்கப் பணியாளர்கள் ஜூன் 13 அன்று டர்பனில் போராடினர். காவல்துறை கண்ணீர்ப்புகை வீசியது. அதன்பின் டர்பன், கேப் டவுன் உள்ளிட்ட சில அரங்குகளின் உட்பாதுகாப்பைக் காவல்துறையே ஏற்றது.

காவல்துறையின் முன்னாள் தேசிய ஆணையரும் இன்டர்போல் முன்னாள் தலைவருமான ஜாக்கி செலெபி, போட்டி நடந்துகொண்டிருந்த ஜூலை 2 அன்று ஊழல் வழக்கில் குற்றவாளி எனத் தீர்ப்பளிக்கப்பட்டார். இறுதி ஆட்டம் நடந்த ஜூலை 11 இரவு, உகாண்டாவின் கம்பாலாவில் அதைத் திரையில் பார்த்துக்கொண்டிருந்தோர் மீது நடந்த குண்டுவெடிப்புகளில் 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். உலகக்கோப்பையை ஒட்டி நிகழ்ந்த மிகப் பெரிய வன்முறை, வேறொரு நாட்டில் நடந்தது.

பிற்காலத் தாக்கம்

கொலை எண்ணிக்கை 2011–12 வரை தொடர்ந்து குறைந்தது. அதன்பின் மீண்டும் ஏறத் தொடங்கி 2022–23இல் 27,000ஐக் கடந்தது. போட்டிக்கென வாங்கிய கருவிகள் காவல்துறையிடம் இருந்தன. ஆனால் துப்பறியும் திறன், வழக்கு நடத்தும் வேகம், உள்ளூர்க் காவல் நிலையங்களின் மீதான நம்பிக்கை ஆகியவை அதே அளவில் வளரவில்லை எனக் குற்றவியல் ஆய்வாளர்கள் கூறினர்.

குற்றவாளிகளைச் சுடத் தயங்கக் கூடாது என அரசியல் தலைவர்கள் பேசியதும், 2010 ஏப்ரல் முதல் காவல்துறைப் பதவிகளுக்கு இராணுவப் பெயர்கள் சூட்டப்பட்டதும் அக்காலத்தின் மற்றொரு எச்சமாகும். 2012 ஆகஸ்ட் 16 அன்று மரிக்கானா சுரங்கத்தில் வேலைநிறுத்தம் செய்த 34 தொழிலாளர்கள் காவல்துறையால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதை விசாரித்த ஃபார்லம் ஆணையம், காவல்துறையின் இராணுவமயத்தைக் களைய வேண்டும் எனப் பரிந்துரைத்தது.