உங்களுக்குத் தெரியுமா? ஒரு தும்மலுக்கே உடையும் முதுகெலும்பு!

கீழே விழவில்லை. எங்கும் இடித்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தும்மல்தான். முதுகெலும்பு உடைந்துவிட்டது! நம்ப முடிகிறதா? எலும்புப்புரை முற்றியவர்களுக்கு இது நிஜமாகவே நடக்கிறது. தண்ணீர்க் குடத்தைத் தூக்கும்போது, குனிந்து கோலம் போடும்போது, கட்டிலில் புரண்டு படுக்கும்போதுகூட!

ஆஸ்டியோபோரோசிஸ் என்று டாக்டர் சீட்டில் எழுதுகிறாரே, அதுதான் எலும்புப்புரை. அந்த நோயில் மிக அதிகமாக உடையும் எலும்பு எது? இடுப்பெலும்பு என்றுதானே சொல்லப்போகிறீர்கள்? கிடையாது. முதுகிலுள்ள முள்ளெலும்பு!

இதைக் கேளுங்கள். இப்படி உடையும் முள்ளெலும்புகளில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு டாக்டரின் கவனத்துக்கே வருவதில்லை! சிலருக்கு வலியே இருக்காது. வலித்தாலும் 'வாய்வுப் பிடிப்பு' என்று தைலம் தேய்த்துப் படுத்துவிடுகிறோம். எலும்பு உள்ளே நசுங்கிக் கிடக்கும்!

கழுத்தில் 7, மார்புப் பகுதியில் 12, இடுப்புப் பகுதியில் 5. மொத்தம் 24 முள்ளெலும்புகள். இவற்றில் அடிக்கடி மாட்டிக்கொள்பவை மார்பின் கடைசியும் இடுப்பின் முதலும்தான். இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள்!

உடைப்பு ஓரிடம், வலி வேறிடம்! மேலே உடைந்திருக்கும், வலியோ கீழ்முதுகில் இருப்பதுபோலத் தெரியும். கீழ்முதுகை மட்டும் எக்ஸ்ரே எடுத்தால் 'எல்லாம் நார்மல்' என்று வந்துவிடலாம். உடைந்த எலும்பு படத்துக்கு வெளியே இருந்தால் எப்படித் தெரியும்?

சிலருக்கு வலி விலாவைச் சுற்றிக்கொண்டு முன்பக்கம் வரும். நெஞ்சுவலியோ, வயிற்றுக் கோளாறோ என்று பயமுறுத்தும். (நெஞ்சு வலித்தால் முதலில் இதயத்தைத்தான் பார்க்க வேண்டும், அதில் சமரசமே கூடாது.)

மார்பின் நாலாவது முள்ளெலும்புக்கு மேலே ஒன்று தனியாக உடைந்திருந்தால் டாக்டர்கள் உஷாராகிவிடுவார்கள். எலும்புப்புரையோடு நிறுத்த மாட்டார்கள். புற்றுநோய் இருக்கிறதா என்றும் தேடுவார்கள்!

முதுகில் முறிவு இருக்குமோ என்று சந்தேகிக்க ஸ்கேன், ஊசி எதுவும் வேண்டாம். ஒரு சுவர் போதும்! குதிகாலும் முதுகும் சுவரில் படும்படி நிமிர்ந்து நில்லுங்கள். நேராகப் பார்த்தபடி பின்மண்டை சுவரைத் தொடுகிறதா? தொடவில்லை என்றால் முள்ளெலும்பு எங்கோ நசுங்கியிருக்கலாம் என்று சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து இரண்டு விரல். கைகளை முன்னால் நீட்டி நிற்கச் சொல்லிவிட்டு, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே பக்கவாட்டில் விரல்களை வைத்துப் பார்ப்பார் டாக்டர். இரண்டு விரலுக்குமேல் இடமில்லையா? அதுவும் எச்சரிக்கை மணி! நாலு வாய் சாப்பிட்டதுமே 'வயிறு நிறைஞ்சிடுச்சு' என்று பாட்டி தட்டை நகர்த்துகிறாரா? முதுகு குறுகி விலா எலும்பு வயிற்றை அழுத்துவதும் காரணமாக இருக்கலாம்!

பல்லை எண்ணிக்கூட எலும்பைச் சந்தேகிக்கலாம்! எலும்புப்புரையைக் காட்டிக்கொடுக்கும் அடையாளங்களை 2004-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்று அலசியது. சுவர், விலா, கூன் ஆகியவற்றோடு பட்டியலில் வந்து நின்றது, வாயில் 20 பல்லுக்குக் குறைவாக இருப்பது!

உங்கள் உயரம் என்ன? காலையிலா, மாலையிலா? ஆமாம், இரண்டும் வேறு வேறு! நாள் முழுக்க நடந்து உட்கார்ந்து, மாலைக்குள் சுமார் 1 செ.மீ. குறைந்துவிடுகிறோம். இரவு தூங்கி எழுந்தால் திரும்பக் கிடைத்துவிடும். அதனால் ஒவ்வொரு முறையும் நாளின் அதே நேரத்தில் அளக்க வேண்டும்!

திரும்பக் கிடைக்காத உயரம்தான் ஆபத்து. இளமையில் இருந்ததைவிட 4 செ.மீ. குறைந்திருந்தாலோ, முன்பு அளந்ததைவிட 2 செ.மீ. குறைந்திருந்தாலோ முதுகைப் படம் எடுத்துப் பார்க்க வேண்டும். இளமை உயரத்துக்கு எங்கே போவது என்கிறீர்களா? கல்யாணத்துக்கு ஜாதகத்தோடு கொடுத்த குறிப்பைத் தேடுங்கள். வேலையில் சேர்ந்தபோது எடுத்த மருத்துவச் சான்றிதழைப் புரட்டுங்கள். அதில் இருக்கும்!

முன்பக்கம் எடுத்த எக்ஸ்ரே ஏமாற்றிவிடும். பக்கவாட்டுப் படம்தான் காட்டிக்கொடுக்கும்! கலிபோர்னியாவைச் சேர்ந்த டாக்டர் ஹாரி ஜெனான்ட் 1993-இல் ஒரு கணக்கு வகுத்துத் தந்தார். முள்ளெலும்பின் உயரம் 20 முதல் 25 சதவீதம் குறைந்தால் லேசான முறிவு. 40 வரை போனால் நடுத்தரம். அதையும் தாண்டினால் கடுமை! அளவுகோல்கூட வேண்டாம், பழகிய கண்ணே போதும்!

எலும்பு அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனையே உடைந்த எலும்பு ஏமாற்றும்! நசுங்கிய முள்ளெலும்பில் அதே சுண்ணாம்புச் சத்து சிறிய இடத்தில் அடைபட்டிருக்கும். மெஷின் அதைப் பார்த்து 'அடர்த்தி பரவாயில்லை' என்று மதிப்பெண் போட்டுவிடும். உடைந்ததற்குப் பரிசு! அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் அந்த எலும்பைக் கணக்கிலிருந்தே தூக்கிவிடுகிறார்கள்.

டெக்ஸா மதிப்பெண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழே போனால் எலும்புப்புரை என்று 1994-இல் உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டது. ஆனால் அடிபடாமலே முள்ளெலும்பு உடைந்து, அதற்கு வேறு நோய் காரணமில்லை என்றால், மதிப்பெண் என்னவாக இருந்தாலும் அது எலும்புப்புரைதான்!

அதே டெக்ஸா மெஷினிலேயே பல இடங்களில் முதுகெலும்பின் பக்கவாட்டுப் படத்தையும் எடுக்கலாம். படுத்தபடியே, சில நிமிடங்களில். கேட்டுப் பார்த்திருக்கிறீர்களா?

நேற்று உடைந்ததா, நாலு வருஷத்துக்கு முன் உடைந்ததா? எம்.ஆர்.ஐ. சொல்லிவிடும்! புதிய முறிவில் எலும்பு மஜ்ஜைக்குள் நீர் கோத்திருக்கும். படத்தில் அது பளிச்சென்று தெரியும்!

பெண்களுக்கு மட்டும்தான் என்று நினைத்தீர்களா? ஐரோப்பாவில் 19 நாடுகளில், 50 முதல் 79 வயதுவரை உள்ள 15,000-க்கும் மேற்பட்டவர்களைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். முள்ளெலும்பு நசுங்கியிருந்த பெண்கள் சுமார் 12 சதவீதம். ஆண்கள்? அவர்களும் சுமார் 12 சதவீதம்! ஐயாமார்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

ஆஸ்துமாவுக்கோ மூட்டுவாதத்துக்கோ தினமும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறீர்களா? எலும்பு உடையும் ஆபத்து மூன்றே மாதத்துக்குள் ஏறிவிடுகிறது! மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அது அதைவிட ஆபத்து. எலும்புக்கு என்ன செய்வது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

ஒன்று உடைந்தால் ஒன்றோடு போகாது. புதிதாக முள்ளெலும்பு உடைந்த பெண்களில் ஐந்தில் ஒருவருக்கு, ஒரே வருடத்துக்குள் இன்னொன்றும் உடைகிறது! 2001-இல் வெளியான ஆய்வு இது. முதல் முறிவைக் கண்டுபிடிப்பது ஏன் அவ்வளவு அவசரம் என்று இப்போது புரிகிறதா? மாத்திரை, ஊசி என்று மருந்துகள் கையில் இருக்கின்றன. அலென்ட்ரோனேட் என்ற மாத்திரை அடுத்த முள்ளெலும்பு முறிவைக் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைத்ததை 1996-லேயே நிரூபித்துவிட்டார்கள்!

கடைசியாக, நான் பிடித்ததிலேயே பெரிய மீன் இதுதான்! அமெரிக்காவில் வேறு ஏதோ காரணத்துக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த, 60 வயது தாண்டிய 934 பெண்களின் நெஞ்சு எக்ஸ்ரேக்களை எடுத்துத் திரும்பப் பார்த்தார்கள். நடுத்தர அல்லது கடுமையான முள்ளெலும்பு முறிவு 132 பேருக்கு இருந்தது! படம் ஏற்கெனவே எடுத்தாயிற்று, முறிவு அதில் அப்படியே தெரிகிறது. ஆனால் எக்ஸ்ரே ரிப்போர்ட்டில் பாதிப் பேருக்குத்தான் அதைக் குறிப்பிட்டிருந்தார்கள். 'முள்ளெலும்பு முறிவு' என்ற நோய்ப் பெயரோடு டிஸ்சார்ஜ் ஆகி வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 17! 2000-ஆம் ஆண்டில் வந்த கணக்கு இது. நுரையீரலைப் பார்க்க எடுத்த படத்தில் நுரையீரலை மட்டும் பார்த்துவிட்டு, பின்னால் நசுங்கி நின்ற முதுகெலும்பைத் தாண்டிப் போயிருக்கிறார்கள்!

சளிக்கோ, சிறுநீரகக் கல்லுக்கோ எடுத்த எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் உங்கள் வீட்டு பீரோவிலும் இருக்கும். அடுத்த முறை ஆஸ்பத்திரிக்குப் போகும்போது மறக்காமல் எடுத்துப் போங்கள். டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இதில் முதுகெலும்பு எப்படி இருக்கிறது, டாக்டர்?"