சூரியன் மங்கிய ஆண்டு

கி.பி. 536ஆம் ஆண்டில் உலகில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? வாருங்கள், அந்த ஓர் ஆண்டைச் சற்றே சுற்றிப் பார்ப்போம்.

கான்ஸ்டான்டிநோபிளில் பேரரசர் ஜஸ்டீனியன் ஹாகியா சோபியா என்னும் மாபெரும் தேவாலயத்தைக் கட்டிக்கொண்டிருந்தார். அவருடைய தளபதி பெலிசாரியஸ் நேப்பிள்ஸ் நகரைக் கைப்பற்றி, டிசம்பரில் ரோமாபுரிக்குள் நுழைந்தார்.

இவை மனிதர் செய்தவை. வானத்திலும் ஒன்று நடந்தது. அவ்வாண்டு முழுவதும் சூரியன் நிலவைப் போல ஒளி குன்றியிருந்தது என்று வரலாற்றாசிரியர் புரோகோப்பியஸ் எழுதிவைத்தார். நண்பகலிலும் நிழல் விழவில்லை என்று வியந்தார் இத்தாலிய அரசின் உயர் அதிகாரி காசியோடோரஸ். அயர்லாந்தின் ஆண்டுக் குறிப்பு உணவுப் பஞ்சத்தைச் சொல்கிறது. சீன ஏடுகளோ, அவ்வாண்டிலும் அடுத்த ஆண்டிலும் கோடையில் பனி விழுந்து பயிர் அழிந்ததைக் கூறுகின்றன.

அயர்லாந்துக்காரரும் சீனரும் ஒருவரையொருவர் அறியாதவர்கள். அப்படியானால் இருவர் வயலையும் கெடுத்தது எது?

வடகோளத்தில் ஒரு பெரிய எரிமலை வெடித்தது. அதிலிருந்து கிளம்பிய கந்தக டை ஆக்சைடு, மேகங்களுக்கும் மேலே உள்ள அடுக்கு மண்டலத்தை எட்டி, நுண்ணிய கந்தக அமிலத் துளிகளாக மாறியது. அங்கே மழை கிடையாது. ஆகவே அத்துளிகள் விரைவில் கீழே இறங்குவதில்லை. காற்றோடு பரவி ஓராண்டுக்கு மேலும் தங்கிவிடும்.

ஒரு சிறு சோதனை செய்து பாருங்கள். கண்ணாடித் தம்ளர் நீரில் சில சொட்டுப் பால் விட்டு, அதன் வழியாக டார்ச் விளக்கைப் பாருங்கள். விளக்கு மங்கித் தெரியும். தம்ளரோ முழுவதும் வெளிறி ஒளிரும். காரணம் ஒளிச்சிதறல். வானமே இப்படி ஆனால் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் வரும். நிழல் எப்படி விழும்? சிதறிய ஒளியில் ஒரு பகுதி விண்வெளிக்கே திரும்பிவிடுவதால் பூமியும் குளிர்ந்துவிடும்.

இதற்குச் சாட்சி உண்டா? உண்டு. கிரீன்லாந்துப் பனிப்பாளத்தில் அவ்வாண்டின் அடுக்கில் கந்தகம் படிந்திருக்கிறது. பழைய மரங்களின் வளையங்கள் அவ்வாண்டில் ஒடுங்கியிருக்கின்றன. ஐரோப்பாவில் கோடை வெப்பம் 1.5 முதல் 2.5 டிகிரி செல்சியஸ் வரை குறைந்ததென்று இவற்றிலிருந்து கணக்கிட்டிருக்கிறார்கள். இவ்வளவுதானா என்று எண்ணாதீர்கள். கதிர் முற்றும் காலத்தில் பயிருக்கு அதுவே பேரிடி.

1991இல் பிலிப்பைன்சின் பினடூபோ எரிமலை வெடித்தபோதும் உலகின் சராசரி வெப்பம் சுமார் அரை டிகிரி இறங்கியது. இன்று எரிமலைப் புகையைச் செயற்கைக்கோள் உடனே காட்டிவிடும். ஆனால் மங்கிய வெயிலைக் கூட்டித்தர எந்தக் கருவியும் இல்லை. முந்தைய ஆண்டு நன்கு விளைந்து சேமித்த தானியத்தை எடுத்து மக்களைக் காக்கும்படி தம் துணை அதிகாரிக்கு எழுதினார் காசியோடோரஸ். இன்றும் அதுதான் முதல் வழி. ஊரில் தானியக் கிடங்கைக் கடந்து செல்லும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.