கார் ஷெட்டை பாம்பு ரூமா மாத்தலாமா? ஒரு காத்திவாக்கம் வீட்டுக்கு முழு கணக்கு

"வீட்டுல சும்மா கிடக்குற இடத்தை என்ன பண்ணலாம்?" வீடியோவுக்கு வந்த கமெண்ட்ல, காத்திவாக்கத்துல இருந்து ஒரு தம்பி இப்படிக் கேட்டிருந்தார்: "அண்ணா, காரை வித்தாச்சு. கீழே 10க்கு 16 அடி ஷெட் காலியா இருக்கு. ஒரு பால் பைத்தான், ஒரு இகுவானா வளர்க்க ஆசை. கையில ஒரு லட்சம் இருக்கு, போதுமா?"

சுருக்கமான பதில்: ரூம் கட்டவே ஒரு லட்சம் பத்தாது. ஆனா உண்மையான செலவு ரூம் இல்ல. அடுத்த 20 வருஷத்துக்கு மாசா மாசம் போகப் போற பணம்தான். அதை வரிசையா பார்ப்போம்.

முதல்ல சட்டம், அப்புறம்தான் சிமெண்ட்

நம்ம நாட்டு ஊர்வன எதையும் வீட்டுல வளர்க்க முடியாது. நட்சத்திர ஆமை, உடும்பு ரெண்டும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. மாட்டினா 3 வருஷத்துல இருந்து 7 வருஷம் வரைக்கும் சிறை, குறைஞ்சது 25,000 ரூபாய் அபராதம். "ராசிக்காக வளர்க்கிறோம்"னு சொன்னா கோர்ட்ல எடுபடாது. இன்னொண்ணு, "இரட்டைத்தலை பாம்பு கோடி ரூபாய்க்கு போகும்"னு மண்ணுளிப் பாம்பைக் காட்டி அட்வான்ஸ் கேட்கிறவங்க. அது முழு மோசடி. பணமும் போகும், கேஸும் வரும்.

பால் பைத்தான், இகுவானா ரெண்டும் வெளிநாட்டு இனம். சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாடான சைட்டிஸ் பட்டியல்ல ரெண்டுமே இருக்கு. 2022ல சட்டத்தைத் திருத்தி, 2023 ஏப்ரல் 1ல இருந்து அமலுக்கு கொண்டு வந்தாங்க. 2024 பிப்ரவரியில பதிவு விதிகளும் வந்தாச்சு. இந்தப் பட்டியல்ல உள்ள விலங்கை வெச்சிருக்கிறவங்க பரிவேஷ் 2.0 இணையதளத்துல பதிவு பண்ணணும். புதுசா வாங்கினா 30 நாளுக்குள்ள பதியணும். குட்டி போட்டாலும், செத்துப் போனாலும், வேற ஒருத்தருக்கு கொடுத்தாலும் தெரிவிக்கணும்.

அதனால விக்கிறவர்கிட்ட முதல்ல கேட்க வேண்டியது விலை இல்ல, அவரோட பதிவுச் சான்று. "பேப்பர் எல்லாம் எதுக்கு சார், பாதி விலைக்கு தர்றேன்"னு சொன்னா அந்த இடத்தை விட்டு நகர்ந்துடுங்க. பாங்காக்ல இருந்து சூட்கேஸ்ல அடைச்சு கொண்டு வந்த பாம்பு, ஆமை, பல்லிகளை சென்னை ஏர்போர்ட்ல சுங்கத்துறை பிடிச்ச செய்தி அடிக்கடி வருது. அதுல தப்பி வந்த ஒண்ணை நீங்க வாங்கினா, பணம் கொடுத்து கேஸை வாங்கின மாதிரி.

இன்னொரு விஷயம். வீட்டு பிளான்ல அந்த இடம் வண்டி நிறுத்துறதுக்குனு காட்டியிருந்தா, அதை ரூமா மாத்துறது பிளான் மீறல். நிரந்தரமா செங்கல் வெச்சு அடைக்கிறதுக்கு முன்னாடி ஒரு இன்ஜினியர்கிட்ட பிளானைக் காட்டிடுங்க.

நம்ம ஏரியாவுக்குனு தனியா வர்ற செலவு

வெளிநாட்டு வீடியோக்கள்ல எல்லாம் "ரூமை எப்படி சூடா வெச்சுக்கிறது?"னு பேசுவாங்க. நமக்கு பிரச்சினையே தலைகீழ். பால் பைத்தானோட கூண்டுல ஒரு பக்கம் 31, 32 டிகிரியும் இன்னொரு பக்கம் 26 டிகிரி மாதிரியும் இருக்கணும். 35ஐத் தாண்டினா ஆபத்து. மே மாசம் மதியம் ஷீட் போட்ட ஷெட் உள்ள போய் நின்னு பாருங்க, புரியும். சென்னையில 2003 மே 31ல 45 டிகிரி வரைக்கும் போயிருக்கு. அதனால இங்க பணம் குளிர வைக்கிறதுக்குத்தான் போகும்.

அடுத்தது உப்புக் காத்து. கடல் பக்கத்துலயே இருக்கிறதால இரும்பு கம்பிவலை, ஜிஐ கதவு, சுவிட்ச் போர்டு எல்லாம் சீக்கிரம் துருப்பிடிக்கும். யுபிவிசி கதவு, ஸ்டெயின்லெஸ் வலை, பிளாஸ்டிக் இல்லனா பிவிசி கூண்டு. ஆரம்பத்துல விலை கூட, ஆனா மூணு வருஷத்துல ரெண்டு தடவை மாத்துறதை விட லாபம்.

மூணாவது வெள்ளம். பழைய வீடுகள்ல ரோடு உசந்து ஷெட் பள்ளமா போயிருக்கும். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வந்தப்போ எண்ணூர் முகத்துவாரம் பக்கம் எண்ணெய் கலந்த தண்ணி வீட்டுக்குள்ளயே வந்தது, பல இடத்துல நாள் கணக்குல கரண்டும் இல்ல. அதனால கூண்டு தரையில இருக்கவே கூடாது. மூணு அடி உசர ஸ்டாண்ட், பிளக் பாயிண்ட் அதுக்கும் மேல.

நாலாவது காத்து. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி, எண்ணூர் உர ஆலைக்கு கடலுக்கு அடியில வர்ற குழாய்ல இருந்து அம்மோனியா கசிஞ்சு, ஜனங்க தூக்கத்துல எழுந்து குழந்தைங்களோட ஓடினாங்க. அந்த மாதிரி ராத்திரியில பிள்ளையைத் தூக்குவீங்களா, பாம்பைத் தேடுவீங்களா? ஒவ்வொரு விலங்குக்கும் காத்து ஓட்டை போட்ட, பூட்டுற மூடியுள்ள டப்பா ஒண்ணு கதவு பக்கத்துலயே தயாரா இருக்கணும். வீட்டு ஆளுங்க வெளியேறுறதுதான் முதல்ல. இதை வீட்டுல இப்பவே பேசி முடிவு பண்ணிடுங்க.

ரூம் செலவு: ஒரு உதாரணம்

இது நான் போட்ட தோராயக் கணக்கு. உங்க மேஸ்திரி, எலக்ட்ரீஷியன் சொல்ற ரேட்டை வெச்சு மாத்திக்கோங்க.

- வெப்பத் தடுப்போட ஃபால்ஸ் சீலிங்: 20,000
- தனி வயரிங், எர்த், ஆர்சிசிபி: 12,000
- யுபிவிசி கதவு, வலை போட்ட ஜன்னல்: 15,000
- எக்ஸாஸ்ட் ஃபேன்: 3,000
- 1 டன் ஏசி: 35,000
- இன்வெர்ட்டர், பேட்டரி: 25,000
- தரை உசத்தி, ஸ்டாண்ட்: 15,000
- தெர்மோஸ்டாட், தெர்மாமீட்டர்: 6,000
- ரெண்டு கூண்டு (இகுவானாவுக்கு ஆறடி உசரம் வேணும்): 25,000

மொத்தம் 1,56,000 ரூபாய். விலங்கோட விலை இதுல சேரல.

கரண்ட் பில்லுல ஒளிஞ்சிருக்கிற பள்ளம்

இதைத்தான் யாரும் யோசிக்கிறதில்ல. ரெண்டு 100 வாட் பல்பு தினம் 10 மணி நேரம், ரெண்டு யுவிபி டியூப் 12 மணி நேரம், ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் நாள் முழுக்க. ரெண்டு மாசத்துக்கு சுமார் 213 யூனிட்.

உங்க வீடு இப்போ ரெண்டு மாசத்துக்கு 380 யூனிட் எடுக்குதுனு வெச்சுக்குவோம். 2022 செப்டம்பர் கட்டணப்படி பில் 1,035 ரூபாய். 213 சேர்ந்து 593 ஆனா பில் 2,694. கூடுதல் 1,659, அதாவது யூனிட்டுக்கு 7.80 ரூபாய்க்கு கிட்ட! காரணம், 500 யூனிட்டைத் தாண்டினதும் மேல உள்ள யூனிட்டுக்கு மட்டும் ரேட் ஏறல. 101ல இருந்து 200 வரைக்கும் 2.25 ரூபாய்க்கு கிடைச்ச சலுகையும் போய், அதுவும் 4.50 ஆயிடுது. 500 யூனிட்டுக்கு 1,725, 501 யூனிட்டுக்கு 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய்!

வெயில் காலத்துல ஏசி தினம் 5 யூனிட் எடுத்தா, 893 யூனிட், பில் 5,480. அதுக்கப்புறம் ரேட் இன்னும் ஏறியிருக்கு, ஆனா கணக்கு ஓடுற விதம் இதேதான். உங்க பழைய பில்லை எடுத்து முதல்ல பாருங்க. ஏற்கெனவே 480ல இருக்கிற வீடுனா இன்னும் ஜாக்கிரதை.

20 வருஷக் கணக்கு

கரண்ட் மாசம் 830, வெயில் கால ஏசியை வருஷத்துக்கு பரப்பினா 465, சாப்பாடு 1,000, டாக்டருக்கு ஒதுக்க 500, யுவிபி டியூப் மாத்த 200. கிட்டத்தட்ட மாசம் 3,000 ரூபாய்.

பால் பைத்தான் 20, 30 வருஷம் சாதாரணமா இருக்கும். அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சி சாலையில 2020ல முட்டை போட்ட ஒரு பால் பைத்தானுக்கு வயசு 60க்கு மேல! இகுவானாவும் 15, 20 வருஷம் வாழும்.

விலைவாசி ஏறவே இல்லனு வெச்சாலும் 20 வருஷத்துக்கு 7,20,000 ரூபாய். அதே 3,000ஐ எஸ்ஐபியில போட்டு, வருஷம் 10 சதவீதம் வளருதுனு வெச்சா சுமார் 23 லட்சம். ஷெட்டை வாடகைக்கு விட்டா வர்ற காசு தனி. "குட்டி போட வெச்சு வித்து காசு எடுத்துடுவேன்"னு சொல்றவங்களுக்கு: அந்த வருமானத்தை கணக்குல பூஜ்யம்னு போடுங்க. பதிவு, வாங்க ஆள், குட்டிகளோட சாப்பாடு எல்லாம் உங்க தலையில. வீட்டு கரண்ட் கனெக்‌ஷன்ல வியாபாரம் பண்ணினா அதுக்கும் தனியா பிரச்சினை வரும்.

அப்போ வளர்க்கவே கூடாதா?

அப்படிச் சொல்லல. ஆசைக்கு செலவு பண்றது தப்பில்ல, விலை தெரியாம பண்றதுதான் தப்பு. நான் சொல்ற வழி:

1. ஷெட்டைத் தொடாதீங்க. முதல்ல ஒரு வருஷம் ஆர்டியில மாசம் 3,000 போடுங்க. ஒரு மாசமும் தவறாம கட்ட முடிஞ்சா, உங்களால வளர்க்க முடியும்.
2. அந்த வருஷம் மே மாசம் ஷெட்ல ஒரு தெர்மாமீட்டர் மாட்டி மதியம் எவ்வளவு போகுதுனு எழுதி வைங்க. டிசம்பர்ல தண்ணி எங்க வரைக்கும் வருதுனு பாருங்க.
3. ஊர்வனவுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர் யாருன்னு முன்னாடியே தேடுங்க. எல்லா நாய் டாக்டரும் பாம்பு பார்க்க மாட்டாங்க.
4. உங்களுக்கு அப்புறம் யார் பார்த்துக்குவாங்கனு வீட்டுல பேசுங்க. 25 வயசு தம்பிக்கு கல்யாணம், குழந்தை எல்லாம் இந்த 20 வருஷத்துக்குள்ளதான்.
5. எல்லாம் சரினா, வீட்டுக்குள்ள ஒரே ஒரு கூண்டு, ஒரே ஒரு விலங்கு. ஷெட் அதுக்கப்புறம்.

பக்கத்துல இருந்து பார்த்தாலே போதும்னு நினைக்கிறவங்களுக்கு கிண்டி பாம்புப் பண்ணை இருக்கு. ஈசிஆர்ல வடநெம்மேலியில 1976ல ஆரம்பிச்ச முதலைப் பண்ணையில, ஒரு விலங்கோட பராமரிப்புச் செலவை நாம ஏத்துக்கிற தத்தெடுப்புத் திட்டமும் இருக்கு. கரண்ட் பில் அவங்களுது, பாசம் உங்களுது!

உங்க கடைசி ரெண்டு மாச பில்லுல எத்தனை யூனிட்னு கமெண்ட்ல போடுங்க. கூண்டு சேர்ந்தா எவ்வளவு ஆகும்னு அடுத்த வீடியோவுல சேர்ந்து கணக்கு போடலாம்.