எட்டாவது சேவையகம்

இணையத்தளமொன்றை நாம் திறக்கும்போது, அது எங்கோ உள்ள ஒரே கணினியிலிருந்து வருவதாகவே எண்ணிக்கொள்கின்றோம். உண்மையில், பெருந்தொகையானோர் நாடும் தளங்கள் பல சேவையகங்களில் ஒரே சமயத்தில் இயங்குகின்றன. வரும் கோரிக்கைகளை இவற்றிடையே பங்கிட்டு வழங்குவதற்கும் தனியான ஏற்பாடு உண்டு. ஒன்று பழுதடைந்தாலும் ஏனையவை பணியைத் தொடரும் என்பதே இதன் பயன்.

ஆனால், அனைத்துச் சேவையகங்களிலும் ஒரே மென்பொருள் நிரல் இருத்தல் வேண்டும். திருத்தப்பட்ட நிரலைச் சேவையை நிறுத்தாமலேயே ஒன்றன்பின் ஒன்றாக அவற்றில் ஏற்றுவது வழமை. அவ்வேளையில் பழையதும் புதியதும் அருகருகே இயங்கும். அப்போது ஒன்று மட்டும் விடுபட்டுப்போனால் விளைவு எத்தகையதாக இருக்கும்?

அமெரிக்காவின் நைட் கெப்பிட்டல் என்ற பங்குத்தரகு நிறுவனத்துக்கு நேர்ந்ததை இங்கு குறிப்பிடலாம். அது நடத்தியது இணையத்தளமன்று, பங்குக் கட்டளைகளைச் சந்தைக்கு அனுப்பும் மென்பொருளாகும். எனினும் சிக்கல் ஒன்றே. 2012 ஜூலை இறுதியில் அந்நிறுவனம் தனது எட்டுச் சேவையகங்களில் புதிய நிரலை ஏற்றத் தொடங்கியது. ஏழில் ஏற்றிய தொழில்நுட்பவியலாளர் எட்டாவதைத் தவறவிட்டார். அவரது பணியை இன்னொருவர் சரிபார்க்கவேண்டும் என்ற எழுத்துமூல விதி அங்கு இருக்கவில்லை.

அந்த எட்டாவது சேவையகத்தில் 2003 ஆம் ஆண்டுடன் பயன்பாட்டிலிருந்து கைவிடப்பட்ட பழைய நிரலொன்று அழிக்கப்படாமல் கிடந்தது. அதனை இயக்கிய அதே அடையாளக் குறியையே புதிய நிரலுக்கும் பயன்படுத்தியிருந்தனர். ஓகஸ்ட் 1 ஆம் திகதி சந்தை திறந்ததும் உறங்கிக்கிடந்த நிரல் விழித்துக்கொண்டது. கட்டளை நிறைவேறிவிட்டதை அறிந்து நிறுத்தும் வழியையும் அது இழந்திருந்தமையால், ஒரே கட்டளையைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. வாடிக்கையாளரின் 212 கட்டளைகள், சுமார் 45 நிமிடங்களில், 40 இலட்சம் கொடுக்கல் வாங்கல்களாகப் பெருகின.

இதிலும் கொடுமை, நிவாரணமாகச் செய்யப்பட்டதே. புதிய நிரல்தான் குற்றவாளி எனக் கருதி, சரியாக இயங்கிய ஏழு சேவையகங்களிலிருந்தும் அதனை அகற்றினர். அவையும் எட்டாவதைப் போலவே நடந்துகொள்ளலாயின! நட்டம் 460 மில்லியன் டொலருக்கும் அதிகம். 2013 இல் அமெரிக்கப் பிணையங்கள் ஆணைக்குழு 12 மில்லியன் டொலர் தண்டம் விதித்தது. அவ்வாண்டிலேயே நிறுவனமும் வேறொன்றுடன் இணைந்து தனித்துவத்தை இழந்தது.

தவறவிட்ட ஊழியரை மட்டும் நொந்து பயனில்லை என்பதே எமது கருத்து. எட்டுத் தடவை ஒரே காரியத்தைக் கையால் செய்யும் எவரும் ஒரு தடவை தவறக்கூடும். ஆகவேதான் கவனமுள்ள நிறுவனங்கள் இப்பணியைத் தானியங்கு முறைக்கு விட்டுள்ளன. முதலில் ஓரிரு சேவையகங்களில் மாத்திரம் ஏற்றிக் கண்காணிக்கின்றனர். ஒவ்வொரு சேவையகமும் தன்னிடமுள்ள பதிப்பை அறிவிக்கவேண்டும், மாறுபடுவதற்குக் கோரிக்கைகள் அனுப்பப்படமாட்டா. கைவிட்ட நிரலை உடனுக்குடன் அழித்தலும் இதிலடங்கும்.

அன்று சந்தை திறக்குமுன், காலை 8.01 மணி முதல், அந்நிறுவனத்தின் கணினிகளே பிழையைச் சுட்டி 97 மின்னஞ்சல்களை ஊழியர்களுக்கு அனுப்பியிருந்தன. அவற்றை எச்சரிக்கையாகக் கொண்டு எவரும் செயற்படவில்லை.