நோயுற்ற இருதயமும் ஆகாயப் பயணமும்

நம் பள்ளி மாணவியருள் பலருக்குத் தந்தையோ தமையனோ அத்தையோ கடல் கடந்த நாட்டில் இருக்கின்றனர். துபாய், சிங்கப்பூர், இலண்டன் என்னும் பெயர்கள் நம் வீடுகளில் அடுத்த தெருவின் பெயர்போல வழங்குகின்றன. மகளின் பிள்ளைப்பேற்றுக்கு உடனிருக்கவும், பேரனின் முகம் காணவும் தாத்தாவும் பாட்டியும் விமானம் ஏறும் காலம் இது. அவர்களுள் சிலருக்கு முன்பு மாரடைப்பு வந்திருக்கலாம். சிலருக்கு ஆண்டுக்கணக்கில் ஆஸ்துமாவோ இளைப்போ இருக்கலாம்.

அத்தகையோர் இருவகையாக நடந்துகொள்வதைக் காண்கிறோம். ஒரு சாரார், விமானம் ஏறினால் உயிர் போய்விடும் என்று அஞ்சி, பிள்ளைகளைக் காணாமலேயே காலம் தள்ளுகின்றனர். மற்றொரு சாரார், சொன்னால் ஏற்றமாட்டார்கள் என்று எண்ணி, நோயை மறைத்துப் பயணம் செய்கின்றனர். இரண்டும் தவறு. ஏன் தவறு என்பதை அறிய, முதலில் காற்றைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம்.

உயரமும் காற்றும்

1643-ஆம் ஆண்டில் இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி, காற்றின் அழுத்தத்தைப் பாதரசக் குழாயைக் கொண்டு காட்டினார். 1648-இல் பிரெஞ்சு அறிஞர் பாஸ்கல், தம் மைத்துனரைக் கொண்டு அத்தகைய குழாயைப் பூய் தெ தோம் என்னும் மலைமீது ஏற்றிப் பார்த்தார். மேலே சென்றபோது குழாயில் பாதரசம் இறங்கியது. உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறையும் என்பது அன்று உறுதியாயிற்று.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலையுச்சியிலும் காற்றில் நூற்றுக்கு ஏறக்குறைய 21 பங்கு பிராணவாயு இருக்கவே செய்கிறது. பங்கு மாறுவதில்லை. ஆனால் காற்று நெருக்கம் குறைந்து மெலிந்துவிடுவதால், ஒவ்வொரு மூச்சிலும் நாம் பெறும் பிராணவாயு குறைகிறது.

ஜெட் விமானங்கள் 35,000 முதல் 40,000 அடி வரையிலான உயரத்தில் பறக்கின்றன. வெளியிலுள்ள காற்று அங்கே மூச்சுக்கு உதவாது. ஆகவே காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகின்றனர். தரையில் உள்ள அழுத்தம் முழுவதையும் உள்ளே வைத்திருந்தால் விமானத்தின் உடற்கூடு தாங்கவேண்டிய பளு மிகும். அதனை மிகக் கனமாகக் கட்டவேண்டியிருக்கும். எனவே 8,000 அடி உயரத்தில் உள்ள அழுத்தத்திற்குக் குறையாமல் பார்த்துக்கொள்கின்றனர். போயிங் 787, ஏர்பஸ் ஏ350 போன்ற புதுவகை விமானங்களில் இது 6,000 அடி அளவில் இருக்கிறது.

நம் உதகமண்டலம் ஏறக்குறைய 7,350 அடி. தொட்டபெட்டா 8,650 அடி. ஆக, விமானத்தில் அமர்ந்திருப்பவர் உதகைக்கும் தொட்டபெட்டாவுக்கும் இடையே ஓரிடத்தில் அமர்ந்திருப்பதற்கு ஒப்பாவார். இலண்டன் செல்பவர் அங்கேயே பல மணி நேரம் இருக்கிறார்.

உடலில் நிகழ்வது என்ன?

8,000 அடியில் காற்றின் அழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கே. தரையில் இருந்துகொண்டே நூற்றுக்கு 15 பங்கு பிராணவாயு உள்ள காற்றைச் சுவாசிப்பதற்கு இது சமம். சுகமாக உள்ளவருக்கு இரத்தத்தில் பிராணவாயு நூற்றுக்கு 97 அல்லது 98 என்னும் அளவிலிருந்து 92, 93 என இறங்கக்கூடும். உடனே மூச்சு சற்று ஆழமாகிறது; இருதயம் சற்று விரைந்து துடிக்கிறது; குறை ஈடாகிவிடுகிறது. அவருக்கு ஒன்றுமே தெரிவதில்லை.

நோயுற்றவர் நிலை வேறு. இருதயத்தின் இரத்தக் குழாய்கள் சுருங்கியிருப்பவருக்கு, விரைந்து துடிக்கவேண்டிய இருதயத்திற்கே போதிய இரத்தம் கிட்டாது போகலாம். நுரையீரல் பழுதுற்றவரோ தரையிலேயே 92 என்னும் அளவில் இருப்பார். இரத்தம் பிராணவாயுவை ஏற்கும் முறை ஒரு பீடபூமியைப் போன்றது. மேலே சமநிலம், விளிம்பைத் தாண்டினால் செங்குத்துச் சரிவு. சுகமானவர் சமநிலத்தின் நடுவே நிற்கிறார். நான்கு அடி பின்வாங்கினாலும் கவலையில்லை. நுரையீரல் நோயாளியோ விளிம்பிலேயே நிற்கிறார்.

வலிக்காத ஆபத்து

1875 ஏப்ரல் 15 அன்று பிரான்சில் ஜெனித் என்னும் பலூனில் மூவர் வானில் ஏறினர். 8,000 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்தை அடைந்த அப்பயணத்தில் இருவர் மாண்டனர். உயிர் பிழைத்தவர் காஸ்தோன் திசான்தியே. பிராணவாயு நிறைந்த பைகள் அவர்கள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. ஆயினும் கையைத் தூக்க இயலவில்லை என்றும், அந்நேரத்தில் துன்பம் தோன்றாமல் ஒருவித மகிழ்ச்சியே தோன்றியது என்றும் அவர் பின்னர் எழுதினார்.

விமானத்தில் அத்தகைய கடும் நிலை வருவதில்லை. எனினும் அந்நிகழ்ச்சி கற்பிக்கும் உண்மை பெரிது. பிராணவாயு குறைவது வலிக்காது. "எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று தாத்தா சொல்வது உண்மையாகவே அவருக்குத் தோன்றுவதாக இருக்கலாம்; ஆனால் அது சான்றாகாது. அளந்து பார்த்தே அறிய வேண்டும்.

யார் பறக்கலாம்?

நோய் கட்டுக்குள் இருப்பவருள் பெரும்பாலோர் பறக்கலாம் என்பதே மருத்துவர்களின் கருத்து. சமதரையில் 50 மீட்டர் நடந்தும், அல்லது ஒரு மாடிப்படி ஏறியும் கடுமையான மூச்சுத் திணறல் இல்லாதவர் பெரும்பாலும் பயணத்தைத் தாங்குவார் என்பது ஓர் எளிய அளவுகோல். ஐயமுள்ளவருக்கு, 15 பங்கு பிராணவாயு உள்ள காற்றை 20 நிமிடம் சுவாசிக்கச் செய்து பார்க்கும் சோதனையும் உண்டு. குறைவு தெரிந்தால் பயணத்தின்போது பிராணவாயு தருமாறு மருத்துவர் எழுதித் தருவார்.

பயணத்தைத் தள்ளிப்போட வேண்டியவரும் உண்டு. மாரடைப்பு வந்து சில நாட்களே ஆனவர், இருதய அறுவைச் சிகிச்சை முடிந்து இரண்டு வாரம் ஆகாதவர், ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சுவலி வருபவர் ஆகியோர் பொறுத்திருக்க வேண்டும். நுரையீரலைச் சுற்றிக் காற்று கசிந்து தேங்கியிருப்பவர் அது ஆறும்வரை பறக்கவே கூடாது. அழுத்தம் குறைந்தால் வாயு விரியும் என்னும் பாயில் விதியைப் பௌதிக வகுப்பில் படித்திருக்கிறோம். தேங்கிய காற்று மேலே சென்றதும் மூன்றில் ஒரு பங்கு விரிந்து நுரையீரலை நெருக்கும்.

புறப்படுமுன் செய்யவேண்டியவை

பிராணவாயு தேவைப்படுவோருக்காக விமானக் கம்பெனிகள் மருத்துவப் படிவம் ஒன்று வைத்துள்ளன. மருத்துவர் அதை நிரப்பித் தரவேண்டும். பயணத்திற்கு 48 மணி நேரம் முன்பாவது தெரிவிக்கும்படி பல கம்பெனிகள் கேட்கின்றன. டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுவது நலம். ஆபத்துக் காலத்தில் மேலிருந்து விழும் முகமூடி இதற்கு உதவாது. அது சுமார் கால் மணி நேரத்திற்கே போதுமானது. சொந்த சிலிண்டரை எடுத்துச் செல்லப் பல கம்பெனிகள் அனுமதிப்பதில்லை. மின்கலத்தால் இயங்கும் சிறு பிராணவாயுக் கருவிகளுக்கு முன் அனுமதி பெறலாம். வழியில் தாமதம் நேரலாம் என்பதால், பயண நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு நேரத்திற்கு மின்கலம் கைவசம் வேண்டும்.

விமானத்தைவிட விமான நிலையமே பலரைக் களைப்படையச் செய்கிறது. நீண்ட நடை, கனத்த பெட்டி, வரிசையில் நிற்றல் ஆகிய யாவும் இருதயத்திற்குச் சுமை. சக்கர நாற்காலி கேட்பதில் வெட்கம் ஏதுமில்லை. ஊறுகாயும் முறுக்கும் பெட்டியில் போகட்டும். மருந்துகள் கைப்பையிலேயே வரட்டும். மருந்துச் சீட்டும் அதனுடன் இருக்கட்டும். இருதயத் துடிப்புக் கருவி பொருத்தப்பட்டவர் அதற்கான அட்டையைச் சோதனை இடத்தில் காட்டவேண்டும்.

நான்கு மணி நேரத்திற்கு மேற்பட்ட பயணத்தில் அசையாது அமர்ந்திருந்தால் கால் இரத்தக் குழாய்களில் இரத்தம் உறையக்கூடும். அவ்வப்போது பாதங்களை மேலும் கீழும் அசைப்பதும், இயன்றபோது எழுந்து நடப்பதும் நன்று. விமானத்தினுள் காற்று மிக வறண்டிருக்கும். தண்ணீர் பருக வேண்டும். நீர் அளவு குறிக்கப்பட்ட இருதய நோயாளிகள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவை மீறலாகாது. நெஞ்சுவலியோ மூச்சுத் திணறலோ தோன்றினால், பிறருக்குத் தொந்தரவாகுமே என்று தயங்காமல் உடனே பணிப்பெண்ணை அழைக்க வேண்டும்.

நம் கடமை

இவற்றில் நம்மால் ஆவது யாது? நிரம்ப உண்டு. மருத்துவப் படிவம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். பாட்டிக்கு அதைப் படித்துச் சொல்லலாம். மருந்துகளின் பெயரையும் அளவையும் தெளிவாக ஒரு தாளில் எழுதித் தரலாம். மருத்துவரிடம் உடன்சென்று, அவர்கள் கேட்கத் தயங்கும் கேள்வியை நாமே கேட்கலாம். நோயைச் சொல்வது பயணத்தைத் தடுப்பதற்கன்று, பத்திரமாகப் போய்த் திரும்புவதற்கே என்பதை அவர்கள் மனத்தில் பதியச் செய்யலாம். நாம் கற்கும் கல்வி நம் வீட்டுப் பெரியோருக்குப் பயன்படுவதைவிட வேறென்ன சிறப்பு வேண்டும்?