கணக்கில் வராத புகை!

பி.காம். படித்தவனுக்குப் புரோட்டீனில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். டிரையல் பேலன்ஸ் டாலி ஆகாவிட்டால், மிச்சத்தை சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தள்ளுவோமே... 1987-ல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அதே விவகாரம்தான்!

புரோட்டீனைப் படிகமாக்கி எக்ஸ்-ரே பாய்ச்சினால் கதிர் சிதறும். சிதறியதை வைத்துக் கணக்குப் போட்டால், எலெக்ட்ரான்கள் எங்கே அடர்த்தியாக இருக்கின்றன என்று ஒரு மேப் கிடைக்கும். பார்த்தால் புகைமூட்டம். அதற்குள் அமினோ அமிலங்களை வரிசையாக உட்காரவைக்க வேண்டும். வரிசை முன்பே தெரியும். அதாவது, லெட்ஜர் கையில் இருக்கிறது. ஸ்டாக் சரிபார்க்க வேண்டியதுதான் பாக்கி.

பமீலா பியோர்க்மன், டான் வைலி, ஜாக் ஸ்ட்ரோமிங்கர் கோஷ்டி எடுத்துக்கொண்டது எச்.எல்.ஏ.-ஏ2. கிட்னி மாற்றுமுன் 'மேட்ச் ஆகுதா?' என்று பார்க்கிறார்களே, அந்த வகையறா. செல்லின் மேல் நிற்கும். அதன் உச்சியில் இரண்டு சுவர், நடுவே ஒரு பள்ளம். எல்லா அமிலமும் உட்கார்ந்தாயிற்று. பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் புகை மிச்சம்! லெட்ஜரில் அதற்குப் பெயரே இல்லை.

இதில் ஒரு ஆபத்து உண்டு. புகையில் நாம் ஆசைப்பட்டதெல்லாம் தெரியும். அவர்கள் அவசரப்பட்டுப் பெயர் வைக்கவில்லை. 'அநேகமாகப் பிற புரோட்டீனின் துண்டு' என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். எனக்குப் பிடித்தது அந்த அடக்கம்தான்.

புகை ஏன் தெளியவில்லை? ஒரே சீட்டில் உட்கார்ந்த ஆயிரம் பேரின் போட்டோவை ஒன்றின்மேல் ஒன்றாக அச்சடித்துப் பாருங்கள். ஆள் இருப்பது தெரியும், மூஞ்சி தெரியாது. படிகத்தில் ஒவ்வொரு மூலக்கூறும் ஒவ்வொரு துண்டைப் பிடித்துக்கொண்டிருந்தது! 1991-ல் ஜெர்மனியின் ட்யூபிங்கனில் துண்டுகளைக் கழற்றி எடுத்துப் பார்த்தார்கள். ஏ2-வுக்கு ஒன்பது அமிலம்தான் வழக்கமான நீளம்.

செல் தனக்குள் இருக்கும் சரக்கில் சாம்பிள் எடுத்து, இந்தப் பள்ளத்தில் வைத்து வெளியே காட்டுகிறது. வைரஸ் புகுந்திருந்தால் அதன் துண்டும் ஷோகேஸுக்கு வரும். ரோந்து வருகிற டி-செல் பார்க்கும். செல் க்ளோஸ்!

டி-செல்லுக்கு வைரஸ் மட்டும் போதாது, சொந்த உடம்பின் அடையாளமும் சேர்ந்து தெரிய வேண்டும் என்று ஜிங்கர்நாகலும் டொஹர்ட்டியும் 1970-களிலேயே ஆஸ்திரேலியாவில் எலிகளை வைத்துச் சொல்லியிருந்தார்கள். இரண்டையும் ஒரே பார்வையில் எப்படிப் பார்க்கிறது என்பதற்குப் பதில், அந்த மிச்சப் புகையில் இருந்தது.

1996-ல் அந்த இருவருக்கும் நோபல் பரிசு. படம் பிடித்துக் காட்டியவர்கள் லிஸ்டில் இல்லை. ஏன், நம் ஆபீஸில் நடக்காததா!