பவானியிலிருந்து சென்னிமலைக்கு

உற்றார் உறவினர் இல்லங்களுக்குக் கணவனும் மனைவியுமாகச் சென்று விருந்துண்டு மீள்வது நம் நாட்டில் நெடுங்கால வழக்கம். ஆயினும் இவ்வழக்கத்திற்கு ஒரு செலவு உண்டு என்பதையும், அச்செலவு எல்லாருக்கும் ஒரே அளவினதன்று என்பதையும் நாம் எண்ணிப் பார்ப்பது அரிது. மாதச் சம்பளம் பெறுவோர் விடுப்பில் ஊருக்குப் போனால் சம்பளம் குறைவதில்லை. தறியில் அமர்ந்து பிழைப்போர் ஒரு நாள் வீட்டை விட்டுப் புறப்பட்டால் அன்றைய கூலி அன்றோடு போயிற்று. சென்ற மாசி மாதத்தில் நாங்கள் இருவரும் நான்கு நாள் விடுப்பில் ஈரோட்டு வட்டாரத்து உறவினரையும் நண்பரையும் கண்டு வந்தோம். அப்போது அறிந்தவற்றைச் சங்க அங்கத்தினர்களுக்குத் தெரிவிப்பது பயன் தரும் எனக் கருதி எழுதுகிறோம்.

முதல் நாள் பவானி. காவிரியும் பவானியும் கூடுமிடத்தில் நீராடிச் சங்கமேசுவரரை வழிபட்டபின், எம் துணைவியாரின் பெரியம்மா வீட்டை அடைந்தோம். தெருவில் நுழையும்போதே தறியோசை கேட்டது. பெரியம்மாவும் பெரியப்பாவும் குழித்தறியில் அருகருகே அமர்ந்து ஜமக்காளம் நெய்துகொண்டிருந்தனர். "வாங்க மாப்பிள்ளை, வா அம்மிணி, உக்காருங்க, இந்தக் கோடு முடிஞ்சுரட்டும்" என்று வரவேற்றாரேயன்றிப் பெரியம்மா எழுந்திருக்கவில்லை. எழுந்திருக்கவும் இயலாது. அகலமான ஜமக்காளத்திற்கு ஒரு தறியில் இருவர் வேண்டும். ஒருவர் தள்ளும் நாடாவை மற்றவர் வாங்கித் தம் பங்கிற்குச் செலுத்தித் திருப்பி அனுப்புகிறார். ஒருவர் எழுந்தால் மற்றவர் கையும் நின்றுவிடும். ஆகவே எங்கள் குசலப் பேச்செல்லாம் அவர்கள் குழியிலும் நாங்கள் பாயிலுமாக நடந்தது.

பவானி ஜமக்காளம் 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. கைத்தறிக்கே உரியவையென 1985ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒதுக்கப்பட்ட இரகங்களுள் ஜமக்காளமும் ஒன்று. இருந்தும் விசைத்தறிப் போலிகள் மலிவு விலைக்கு வருகின்றன என்பது பவானி நெசவாளரின் நெடுநாள் முறையீடு. பெரியப்பாவும் அதையே சொன்னார். எனினும் அன்று அவ்வீட்டில் பேசப்பட்ட முக்கிய விஷயம் அதுவன்று. மகள் வயிற்றுப் பேரனுக்கு ஞாயிற்றுக்கிழமை சென்னிமலையில் காதுகுத்து. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் தாய்மாமனுக்கு அன்றுதான் ஓய்வு. பாட்டனும் பாட்டியும் போவார்களா என்பதே கேள்வி.

பவானிக்கும் சென்னிமலைக்கும் இடையே ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. இருந்தும் பேரன் பிறந்து இரண்டு ஆண்டுகளில் இவர்கள் அவனைப் பார்த்தது இரண்டே முறை. காரணம் விசாரித்தோம். மகள் திருமணத்தின்போது தனியார் முதலாளி ஒருவரிடம் 20,000 ரூபாய் முன்பணம் வாங்கியிருக்கிறார் பெரியப்பா. நூலும் அவரிடமே, கூலியும் அவரிடமே. முன்பணம் தீரும்வரை வேறிடத்திற்கு நெய்ய இயலாது. இப்பொழுது தறியில் இருக்கும் சரக்கைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டுமாம்.

"ரெண்டு பேரும் போனா தறி ரெண்டு நாளைக்கு மூடிக் கிடக்குமுங்க மாப்பிள்ளை. அவரு பேச்சுக்கு யாரு பதில் சொல்றது?" என்றார் பெரியப்பா. பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் நாடாவை வாங்கித் தள்ளினார்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் பெரியப்பாவின் பெயர் மட்டுமே உள்ளது. உழைப்போ சரிபாதி. முதலாளிதான் இப்படிச் செய்கிறார் என்று எண்ணிவிட வேண்டா. எங்கள் தொழில் காரணமாகப் பார்த்த சங்கப் பதிவேடுகள் சிலவற்றிலும் இதே நிலை உண்டு. தறி ஒன்று, கைகள் நான்கு, அங்கத்தினர் ஒருவர்! மனைவியையும் தனி அங்கத்தினராகச் சேர்த்துக் கூலியைப் பிரித்து எழுதினால், சேமிப்பும் அவர் பெயரில் வளரும். தம் மகளைப் பார்த்துவர இரண்டு நாள் கேட்பதற்கும் அவருக்கு வாயிருக்கும். சங்க நிர்வாகிகள் இதைத் தள்ளிப்போடுவதற்கு நியாயமான காரணம் எதுவும் எங்களுக்குத் தோன்றவில்லை.

மறுநாள் ஈரோட்டுக்கு அப்பால் காலிங்கராயன் வாய்க்கால் பாசனத்தில் மஞ்சள் பயிரிடும் எங்கள் கல்லூரி நண்பர் வீடு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் வெட்டப்பட்ட அவ்வாய்க்கால் பவானியாற்று நீரைக் கொண்டு இன்றும் ஏறத்தாழ 15,700 ஏக்கருக்குப் பாய்கிறது. ஈரோட்டு மஞ்சளுக்கும் 2019இல் புவிசார் குறியீடு கிட்டியது. நாங்கள் சென்றபோது களத்தில் மஞ்சள் வேகவைக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. வெட்டிய கிழங்கை விரலி வேறு, குண்டு வேறாகப் பிரித்து வேகவைத்து, இரண்டு வாரம்போல் வெயிலில் காயவைத்துப் பின்னர் மெருகேற்றி விற்பனைக் கூடத்திற்கு அனுப்ப வேண்டும். நடுவில் மழை பெய்தால் நிறம் கெடும்.

நண்பரின் மனைவியார் நல்ல உபசாரம் செய்தார். ஆனால் தம்பதியராக வெளியூர் சென்று எத்தனை நாளாயிற்று என்று எம் துணைவியார் கேட்டபோது சிரித்துவிட்டார். பால் சங்கத்திற்குக் காலையும் மாலையும் பால் ஊற்ற வேண்டும். இரண்டு எருமைகளும் அவர் கைக்கே பழகியவை. வேற்றாள் கறந்தால் உதைக்கின்றனவாம். உழவர்க்கேனும் அறுவடைக்கும் அடுத்த நடவுக்கும் இடையே சற்று ஓய்வு உண்டு என்று நாம் நினைத்திருந்தால், கறவை மாடு அந்த எண்ணத்தைப் போக்கிவிடுகிறது. புறப்படும்போது அவர் ஒரு பை விரலி மஞ்சள் தந்தார். விலை பேசாமல் வாங்கிய மஞ்சள் என்பதால் அதன் தரத்தைப் பற்றி இங்கே சொல்லவில்லை.

சனிக்கிழமை மாலை ஈரோடு பேருந்து நிலையத்தில் பெரியம்மா ஒரு கூடையுடன் நின்றிருந்தார். தனியாகத்தான். பெரியப்பா பக்கத்து வீட்டு இளைஞர் ஒருவரைத் துணைக்கு அமர்த்திச் சரக்கை முடித்துக் கொடுப்பதாகச் சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்த இளைஞருக்குக் கொடுக்கும் கூலி போக அந்த வாரம் மிஞ்சுவது சொற்பம். "அவரு வர்றேன்னுதான் சொன்னாரு. நான்தான் வேண்டாம்னுட்டேன். நீங்க நெய்யுங்க, நான் பாத்துட்டு வந்து உங்களுக்குச் சொல்றேன்னேன்" என்றார் பெரியம்மா.

சென்னிமலை படுக்கை விரிப்புக்கும் போர்வைக்கும் பெயர்பெற்ற ஊர். அங்கே கைத்தறிக் கூட்டுறவை வளர்த்த எம்.பி. நாச்சிமுத்து அவர்களுக்கு அரசு 1983இல் பத்மஸ்ரீ விருது அளித்தது. பெரியம்மாவின் மருமகனார், எங்களுக்குச் சகலர், அவ்வூர்ச் சங்கம் ஒன்றின் அங்கத்தினர். காதுகுத்துக்கு முந்திய இரவு, சமையலுக்குக் காய் நறுக்கும் சந்தடிக்கிடையே, அவர் தம் சேமிப்புப் புத்தகத்தை எங்களிடம் காட்டினார். கூலியில் ரூபாய்க்கு 8 காசு அவர் பங்கு. அரசு சேர்ப்பது 4 காசு. 500 ரூபாய் கூலிக்கு 60 ரூபாய் அவர் பெயரில் ஏறுகிறது. தீபாவளிக்குச் சங்கம் கொடுத்த போனசை எடுத்து வைத்தே விருந்துச் செலவைச் சமாளித்ததாகவும் சொன்னார். இவ்வாரம் அவர் தறியும் நின்றிருந்தது. ஆனால் விசேஷத் தேதியை முன்கூட்டியே தெரிவித்திருந்ததால், பழைய பாவை முடித்துக் கொடுத்துவிட்டுப் புதிய பாவைத் திங்கட்கிழமைக்குமேல் எடுத்துக்கொள்ளச் சங்கத்தில் இசைந்திருக்கிறார்கள். இதற்குச் சங்கத்திற்கு ஒரு காசும் செலவில்லை. மற்றச் சங்கங்களும் பாவு கொடுக்கும்போதே அங்கத்தினர் வீட்டு விசேஷ நாட்களைக் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம்.

சகலருக்கும் குறைகள் இல்லாமலில்லை. நெய்த சரக்கு தேங்கும் மாதங்களில் பாவு தாமதமாகிறது, அந்நாட்களில் சம்பாத்தியமில்லை. தம் மகனைத் தறியில் அமர்த்தும் எண்ணமும் அவருக்கு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை மலைமேல் முருகன் சந்நிதியில் விழா. படிகள் 1,320 ஆகையால் பெரியவர்களெல்லாம் வண்டியிலேயே சென்றோம். தாய்மாமன் மடியில் பேரன் போட்ட அழுகை மலையடிவாரம்வரை கேட்டிருக்கும். பெரியம்மா கைபேசியில் பெரியப்பாவை அழைத்து, அந்த அழுகையை அப்படியே கேட்கச் செய்தார். அப்பக்கத்திலிருந்து முதலில் தறியோசையும், பின்னர் அது நின்று பெரியப்பாவின் சிரிப்பும் கேட்டன.

திங்கட்கிழமை விடியற்காலைப் பேருந்தில் பெரியம்மா பவானிக்குப் புறப்பட்டார். எங்கள் மஞ்சளில் பாதியும் மகள் கொடுத்த போர்வை ஒன்றும் அவர் கூடையில் இருந்தன. சரக்கு அன்று பகலே முதலாளியிடம் சேர்ந்துவிட்டதாக மாலையில் செய்தி வந்தது. ஆனி மாதத்தில் பேரனுக்கு முடியிறக்குகிறார்கள். அதற்கு இருவருமாக வருவதாகப் பெரியப்பா சொல்லியிருக்கிறார். முன்பணத்தில் இன்னும் 14,000 ரூபாய் நிற்கிறது.